எழுநூற்று அறுபதில் ஒரு பள்ளம்

காலை ஏழரை மணிக்கு ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பேரும் கறுப்புச் சட்டையில் நின்றுகொண்டிருந்தோம். வெளிச்சத்தை அளக்கும் இடத்தில் வெளிர் நிறம் உடுத்தக் கூடாது. துணியில் பட்ட வெயில், அளப்பதற்காக வைத்த வெள்ளைப் பலகையில் தெறித்துக் கணக்கைக் கெடுக்கும்.

"இன்னா சார், மாசி மாசத்துல எல்லாரும் மாலை போட்ட மாதிரி கீறீங்க?" என்றார் பஞ்சாட்சரம். எங்கள் டெக்னீஷியன். சைதாப்பேட்டைக்காரர்.

"நீங்களும்தானே போட்டிருக்கீங்க?" என்றாள் வைதேகி. சென்சாரின் கம்ப்யூட்டர் வேலை அவளுடையது.

"நான் குருசாமிம்மா. எனக்கு சீசன் கெடையாது."

எங்கள் தலைவர் தமிழ்மாறன் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

அடையாறில் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். அது 1997 பிப்ரவரி. விமானத்தின் அடியில் பொருத்தும் சென்சார் ஒன்றை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தோம். சாதாரணக் கேமரா வெளிச்சத்தை மூன்று நிறமாகப் பிரிக்கும். இது நூற்றிருபது துண்டாகப் பிரிக்கும். எந்தத் துண்டு எந்த அலைநீளம் என்று ஓர் அட்டவணை உண்டு. அது தப்பென்றால் எல்லாம் தப்பு. அட்டவணையைத் தயாரித்தவன் நான்.

ஹைதராபாத்திலிருந்து வந்த விமானம் மீனம்பாக்கத்தில் நின்றது. எங்களுக்கு அன்று ஒரு நாள்தான். அடையாறு முகத்துவாரத்தில் ஒரு முறை பறந்து பார்த்துவிட்டு, பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். மாலையில் விமானம் திரும்பிவிடும். அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்து, கிடைத்தால்.

கிளம்பும் முன் கடைசிச் சோதனை, சென்சாருக்கு வெயிலைக் காட்டுவது. அதுவரை அது அறையை விட்டு வெளியே வந்ததில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் சூரிய ஒளியில் 760 நானோமீட்டரில் ஒரு துண்டை விழுங்கிவிடும். வரைகோட்டில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். எங்கே நின்று அளந்தாலும் தெரியும்.

வைதேகி திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"பள்ளம் 772-ல இருக்கு சார்."

தமிழ்மாறன் குனிந்து பார்த்தார். பலகையைத் துடைத்து மறுபடி எடுத்தோம். 772.

வைதேகி மாடி அறை டியூப்லைட்டைச் சென்சாருக்குக் காட்டினாள். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. பச்சையில் அதற்கு ஒரு கோடு உண்டு. அது சரியான இடத்திலேயே இருந்தது. தவறு சிவப்புப் பக்கம் மட்டும்.

"உள்ள கிரேட்டிங் ஒரு பக்கமாத் தளர்ந்திருக்கும்" என்றார் தமிழ்மாறன். வெளிச்சத்தைப் பிரிக்கும் கண்ணாடித் தகடு அது. "பறக்குறப்ப ஆடும். நிமிஷத்துக்கு ஒரு அளவு காட்டும். செடி பச்சையா, வாடுதான்னு சொல்ற இடமே அந்தச் சிவப்புதான். பிரிச்சுப் பார்க்க மூணு நாள் வேணும்."

"அட்டவணை போட்ட நியான் விளக்கை வச்சு மறுபடி பார்த்துட்டா தெரிஞ்சிடுமே" என்றாள் வைதேகி.

நியான் விளக்கு டிசம்பரில் எரிந்துபோயிருந்தது. புதியது சுங்கத்தில் கிடந்தது.

பஞ்சாட்சரம் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். "இதுக்குள்ள எரியறது நியான்தானே சார்?" பிளக்கில் செருகிக் காட்டினார். சென்சாருக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. "பாண்டிபஜார்ல ஜவுளிக்கட போர்டையே கழட்டிக்கினு வரட்டா? ஆனா கட தொறக்கவே பத்து மணி ஆவும்."

"ஒன்பதரைக்குச் சென்சார் வேன்ல ஏறணும்" என்றார் தமிழ்மாறன். "மேலேயிருந்து படம் எடுக்குற இன்னொரு குழு இதே விமானத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. சந்தேகம் இருந்தா விமானத்தை அவங்களுக்குக் கொடுத்துடுவேன். சந்தேகத்தோட பறக்க விடமாட்டேன்."

"கிரேட்டிங் தளரலைன்னு நினைக்கிறேன் சார்" என்றேன். "நான் எண்ணினது தப்பா இருக்கலாம்."

"லாம்னு சொன்னா எப்படி வெங்கட்? காட்டு."

காட்ட முடியும். எண்ணி எழுதிய நோட்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

நியான் விளக்கு எல்லா நிறத்திலும் எரிவதில்லை. குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் கோடு கோடாக எரியும். இருட்டறையில் உட்கார்ந்து கோடுகளை வரிசையாக எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அலைநீளம், எந்தத் துண்டில் விழுந்தது, எவ்வளவு பிரகாசம், எத்தனை மணி என்று நோட்டில் எழுத வேண்டும். செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அதைச் செய்தேன்.

அன்று நீரஜா இறந்துபோனாள். என் மனைவி. இதயத்தில் வால்வு கோளாறு. ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அதற்கு முன் இரண்டு முறை சேர்த்து, இரண்டு முறையும் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது முறை அவளுடைய அம்மா, உடனே வரச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். போனை எடுத்தது வைதேகி. இருட்டறைக் கதவைத் தட்டிச் சொன்னாள். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டாள். ஸ்கூட்டர் இருக்கிறது, கிளம்புகிறேன் என்றேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

நான் கிளம்பவில்லை. விளக்கு சூடேற ஒரு மணி நேரம் ஆகும். அணைத்தால் மறுநாள் முதலிலிருந்து எண்ண வேண்டும். இன்னும் ஐந்து கோடுகள்தான் பாக்கி.

ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், தேனாம்பேட்டை சிக்னலில் மாட்டிக்கொண்டேன் என்று. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

பதின்மூன்றாம் நாள் முடிந்து வேலைக்கு வந்ததும், துண்டு எண்ணையும் அலைநீளத்தையும் மட்டும் பார்த்து அட்டவணையைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். நோட்டை உள்ளே வைத்தேன். பிறகு திறக்கவில்லை.

நான் சும்மா இருந்திருந்தால் படம் எடுக்கும் குழு பறந்திருக்கும். கிரேட்டிங்கைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். ஒன்றும் இருந்திருக்காது. யாரும் நோட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். மாடியில் இரண்டு மூன்று நிமிடம் நின்றேன். பிறகு கீழே போய் எடுத்து வந்தேன். வைதேகியிடம் கொடுத்தேன்.

"பிரகாசத்தைப் பாருங்க" என்றேன். "717 ரொம்ப மங்கலான கோடு. அதுக்கு நேரா என்ன எழுதியிருக்கேன்?"

அவள் பென்சிலை வரிசையாக இறக்கினாள். "இருக்கிறதிலேயே அதிகமான எண் இருக்கு. இது 703-ஓட பிரகாசம்." மேலே போனாள். "692-ஐ விட்டுட்டீங்க. அதுக்கு 703-னு பேர் வச்சிருக்கீங்க. அங்கேயிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒரு படி தள்ளிப்போயிருக்கு சார். அஞ்சும்."

"எண்ணிக்கைப் பிழை" என்றார் தமிழ்மாறன். பெருமூச்சு விட்டார். "நல்ல பிழை. மாத்திப் போட்டுப் பாரும்மா."

வைதேகி உடனே மாற்றவில்லை. பென்சில் நேரம் எழுதிய பத்திக்குப் போயிருந்தது. 671-க்கு நேராக 3.06. அடுத்த வரி 3.14. கடைசி வரி 3.52. நடுவில் எட்டு நிமிடம். அவள் கதவைத் தட்டிய எட்டு நிமிடம்.

என்னைப் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி ஐந்து எண்களை மாற்றினாள். பள்ளம் 760-க்கு வந்தது.

"கையெழுத்துப் போட்டுடு வெங்கட்" என்று சொல்லிவிட்டு தமிழ்மாறன் வேனைப் பார்க்கப் போனார். பஞ்சாட்சரமும் போனார்.

எங்கள் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், தவறு படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும். ஐந்து முறை செய்தேன். நேரப் பத்தியில் திருத்த எதுவும் இல்லை.

"அன்னிக்கு நீங்க அப்பவே கிளம்பிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றாள் வைதேகி. "மறுபடி போன் வந்துது. அவங்க அம்மாகிட்டயும் சொன்னேன்."

"தெரியும்."

"எத்தனை மணிக்கு..."

"உயிர் போனது மூணு நாற்பதுக்கு. இங்கேயிருந்து ஸ்கூட்டர்ல இருபது நிமிஷம்."

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. கடினமான கணக்கு இல்லை.

"மாமிக்குத் தெரியுமா?"

"சிக்னல்னு சொல்லியிருக்கேன்."

கீழே வேன் ஹார்ன் அடித்தது. அவள் சென்சாரோடு விமானத்தில் போக வேண்டியவள். நோட்டை மூடி என் கையில் வைத்தாள். இறங்கிப் போனாள்.

நானும் பஞ்சாட்சரமும் முகத்துவாரத்து மணலில் கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று பெரிய படுதாக்களை விரித்து ஓரங்களில் செங்கல் வைத்தோம். மேலிருந்து சென்சார் பார்க்கும் அடையாளம் அவை. ஓடைப் பக்கமிருந்து ஒரு நாய் வந்து வெள்ளைப் படுதாவில் உட்கார்ந்தது.

"நைனா, எந்திரி. நீ கணக்குல வரமாட்ட" என்று பஞ்சாட்சரம் அதைத் துரத்தினார்.

விமானம் பதினொன்று நாற்பத்தொன்றுக்குத் தலைக்கு மேல் போனது. தெற்கே திரும்பிச் சிறியதாகி மறைந்தது.

"டைம் போட்டுக்கினீங்களா சார்?"

"போட்டேன்."

படுதாக்களைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றினோம். மயிலாப்பூரில் மாமியார் வீட்டில் இறக்கிவிடச் சொன்னேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம இல்லியே சார்?"

"இல்லை."

அவர் வண்டியை எடுத்தார். நோட்டு மடியில் இருந்தது. திரு.வி.க. பாலத்தில் நெரிசல் இல்லை. பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.