மஞ்சள் கட்டத்துக்குள் நின்ற கார்

கடலை ஒட்டி, பாறைகளை வெட்டிப் போட்ட அந்த நெடுஞ்சாலையில் பார்க்க வேண்டிய இடங்கள் ஏழு. ஏழையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். கலங்கரை விளக்கத்தில் பத்து நிமிடம், குகையில் பத்து நிமிடம் என்று மனைவியையும் மகளையும் விரட்டிக்கொண்டே வந்தார்.

“ஊர் சுத்த வந்தோமா, தபால் குடுக்க வந்தோமாப்பா?” என்று மகள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது இடம், கடலுக்குள் வளைவாக நிற்கும் பெரிய பாறை. சாலையோரம் நெடுக வண்டிகள் இடித்துக்கொண்டு நின்றன. கீழே இறங்கும் படிக்கட்டின் அருகில் மட்டும் மஞ்சள் கோடு போட்ட கட்டம் ஒன்று காலியாக இருந்தது. காரை அதில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

விசிலை ஊதியபடி ஒரு பெண் ஓடிவந்தாள். அங்கே வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவள்.

“சார், வண்டியை எடுங்க. இது ஆம்புலன்ஸ் வர்ற இடம்.”

“வந்தா எடுத்துக்கறேன். இப்ப எங்க வருது?”

“நீங்க கீழேர்ந்து மூச்சு வாங்க ஏறி வர்ற வரைக்கும் நோயாளி தாங்கணுமே சார்.”

“நீ யாரு எனக்குப் பாடம் எடுக்க? உன்மேல புகார் எழுதிருவேன்.”

“தாராளமா எழுதுங்க. வண்டியை எடுத்துட்டு எழுதுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனைவியையும் மகளையும் அங்கேயே இறக்கிவிட்டு, முகம் சிவக்க அவர் காரை எடுத்தார். அரை மைல் தள்ளித்தான் இடம் கிடைத்தது. அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெயிலில் நடந்து வந்தார்.

வந்தபோது படிக்கட்டில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிக் கம்பிக்கு அடியில் இருந்த குளவி கொட்டியிருந்தது. உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு விட முடியாமல் தவித்தாள். குளவிக் கொட்டு அவளுக்கு இப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று யாருக்கும் தெரியாது.

“அப்பா, அம்மாவால பேச முடியலப்பா!” மகள் அலறினாள்.

விசில்காரப் பெண் ஏற்கெனவே போன் செய்திருந்தாள். இப்போது நடுச்சாலையில் நின்று, இரு பக்கமும் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் நேராக வந்து மஞ்சள் கட்டத்துக்குள் நின்றது. ஊழியர் இறங்கி ஓடிவந்து தொடையில் ஊசி போட்டார். சிறிது நேரத்தில் அவளுக்கு மூச்சு சீரானது.

“இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது சார்” என்றார் ஊழியர்.

தன் கார் நின்ற இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்பதைக் கடைக்காரர் அப்போதுதான் கவனித்தார்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: “வேற எந்த இடமும் வேண்டாங்க. முதல்ல அந்தப் பொண்ணைப் பார்க்கணும்.”

விசில்காரப் பெண் அதே வெயிலில் யாரிடமோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். மனைவி போய் அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்படியே அழுதுவிட்டாள்.

கடைக்காரர் கைகூப்பினார். “சட்டமெல்லாம் அடுத்தவங்களுக்குன்னு நினைச்சிட்டிருந்தேம்மா. நேத்து நீங்க விட்டுக் குடுத்திருந்தா, என் வீட்டுக்காரியை நானே கொன்னிருப்பேன். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. “தினமும் முப்பது பேராவது திட்டிட்டுப் போவாங்க சார். திரும்பி வந்து கைகூப்பினது நீங்கதான். ஆனா நான் உங்களுக்காக அந்த இடத்தைக் காக்கல. யாருன்னே தெரியாத ஒருத்தருக்காகக் காத்தேன். அவசர வழியை அடைக்கிறவங்க அதைத்தான் மறந்துடறாங்க. அந்த யாரோ ஒருத்தர், நம்ம வீட்டு ஆளாவும் இருக்கலாம்.”