மஞ்சள் பொடி

ழூரா மலையடிவாரத்தில் நாற்பது வருடம் பூட்டிக் கிடந்த கைக்கடிகாரத் தொழிற்சாலையை 2014இல் மறுபடி திறந்தார்கள். அலமாரிகளில் எஞ்சியிருந்த பழைய முகப்புத் தகடுகளைத் துடைத்துப் புதுக் கடிகாரங்களில் பொருத்துவது துஷாந்தியின் வேலை. எண்களின் மேலிருந்த மஞ்சள் பூச்சு பொடியாய் உதிரும். அவள் அதை வாயால் ஊதிவிட்டுத் துடைப்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் தலைநகர் பேர்ணிலிருந்து ஓர் அரசு அதிகாரி வந்து, கையிலிருந்த கதிர்வீச்சு அளக்கும் கருவியை அவள் மேசைமேல் நீட்டினார். அது படபடவென்று அடித்தது.

"ரேடியம். எண்கள் இருட்டில் ஒளிர அந்தக் காலத்தில் இதைத்தான் பூசினார்கள்," என்றார். "வேலைக்கு அணியும் அங்கியை எங்கே துவைக்கிறீர்கள்?"

"வீட்டில்."

முதலாளி ஒருநாளும் வாசற்படி தாண்டி இந்த அறைக்குள் வராதது ஏனென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கணவனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"விதுஷன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனை வெளியிலை போங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"வந்து கதைக்கிறன். என்ரை உடுப்பு ஒண்டையும் தொடாதையுங்கோ."

அதிகாரியும் அவளோடு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கருவி மௌனமாக இருந்தது. அவள் மூச்சு விட்டாள். அவர் பிள்ளையின் கட்டிலருகே குனிந்தபோது அது அடிக்கத் தொடங்கியது.