பள்ளத்தாக்கில் தலைதீபாவளி

தலைதீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வில்லியனூருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்குத் தோட்டத்து மேஸ்திரியாக இருந்தான் மாப்பிள்ளை தங்கவேல். பனி விழுகிற மாதத்தில் அவனுக்கு லீவு கிடையாதாம். அதனால் சீரை மாமனார் இருசப்பனே தூக்கிக்கொண்டு ரயிலேறினார். புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம் அது. எல்லையில் மூட்டையைப் பிரித்துக் கிளறுகிற சுங்கக்காரனும் இல்லை.

ஸ்டேஷன் வரைக்கும் மனைவி ராமாயி ஒரே பாட்டாகப் பாடினாள். "த பாரு, சீரு செஞ்சுட்டுக் கையோட பொண்ண இட்டுகினு வந்துடு. அந்தக் குளுருல என் கொழந்த வெறச்சிப் பூடும். பொங்கல் கழிச்சி அனுப்பிக்கலாம்."

இருசப்பனுக்கும் அதே எண்ணந்தான். செங்கமலம் ஒரே பெண். அவள் போனதிலிருந்து தனக்குச் சோறே இறங்குவதில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம் அதிகாரம். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் அண்டாவைக் கழுவி, கழுத்தில் மஞ்சள் பூசி, தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்தார்.

"உள்ள வைப்பா, இங்க பனி விழும்" என்றாள் செங்கமலம்.

"கூரைக்குக் கீழ வெச்சா கங்கை எப்பிடிம்மா வந்து எறங்கும்? நம்ம வூட்ல என்னிக்காவது உள்ள வெச்சிருக்கமா?"

விடிவதற்கு முன் எழுந்து, கோவணத்தோடு உட்கார்ந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டார். பல் தந்தியடித்தது. அதற்காக ஆசாரத்தை விட முடியுமா? தண்ணீர் காய வைக்க மொள்ளலாம் என்று சொம்பை அண்டாவில் விட்டார். டங்கென்று திரும்பி வந்தது.

"இன்னாம்மா இது? எவன்டா அண்டா மேல கண்ணாடியப் போட்டு மூடுனவன்?"

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அண்டாவில் பனிக்கட்டி என்றால் பள்ளத்தில் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த நொடியே உறைத்தது. "ஐயோ, செடி!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தங்கவேல் ஏற்கெனவே கீழே கூவிக்கொண்டிருந்தான்.

எண்ணெய் வைத்த தலையோடு வாசற்படி தாண்டக் கூடாது என்று ஊருக்கே சொல்பவர் இருசப்பன். கையில் கிடைத்த வாளியோடு அவரும் ஓடினார்.

பள்ளம் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. புல்லெல்லாம் காலடியில் நொறுங்கியது. வெயில் படுவதற்குள் தண்ணீர் ஊற்றிப் பனியைக் கழுவாவிட்டால் செடி கருகிப்போகும். ஓடையிலிருந்து ஆட்கள் வரிசையாகத் தண்ணீர் சுமந்தார்கள். செங்கமலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அக்கா, அந்த மேட்டுல ஊத்துங்க, அங்கதான் மொதல்ல வெய்ய வரும்! அப்பா, நிக்காத, வா!" என்று அதட்டினாள். வில்லியனூரில் கிணற்றடிக்குப் போகவே நாலு தடவை கெஞ்சவேண்டிய பெண் அவள்.

வெயில் வந்தபோது ஓர ஓரமாகக் கொஞ்சம் போயிருந்தது. மற்றதெல்லாம் பச்சை. கோவணமும் எண்ணெயுமாக மின்னிய மாமனாரைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது. தங்கவேல் மட்டும் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான். செங்கமலம் சேற்றுக் கையோடு தரையில் உட்கார்ந்து, "பொழைச்சிச்சிப்பா, நம்ம செடி பொழைச்சிச்சி" என்று அழுதாள். அந்த 'நம்ம'வில் தான் இல்லை என்று இருசப்பனுக்குப் புரிந்தது. வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஊருக்குக் கிளம்பும்வரை அவர் அழைப்புப் பேச்சை எடுக்கவே இல்லை.

வில்லியனூர் ஸ்டேஷனில் அவர் இறங்கியதும், பின்னாலேயே யாராவது இறங்குகிறார்களா என்று ராமாயி பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"எங்கய்யா என் பொண்ணு?"

"வரலடி."

"கூப்ட்டா வரமாட்டேன்னுட்டாளா?"

"நான் கூப்பிடவே இல்ல. கூப்ட்டிருந்தா வந்துருப்பா ராமாயி. அதான் கூப்பிடல."