ஐந்தாம் மாடிக்கு எட்டாத பேச்சு

எதிர் நடைபாதையில் நின்று எவாரிஸ்தோ அண்ணாந்து என்னவோ சொன்னான். ஐந்தாம் மாடி பால்கனியில் நின்ற தெல்ஃபினாவுக்கு அவன் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. டிராம் வேறு மணியடித்துக்கொண்டு போனது.

போன மாதம் வரை இந்தக் கஷ்டமில்லை. மொந்தெவிதேயோ நகரத்தில் முறைப்படி பெண் கேட்காத ஆண்பிள்ளை வீட்டுப் படியேறக் கூடாது. ஜன்னல் கம்பிக்கு வெளியே, தெருவில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் எவாரிஸ்தோ நாலு வருஷம் அப்படித்தான் நின்றான். பெண் கேட்கும் தைரியம் வருவதற்குள் அவள் அப்பா அன்செல்மோவுக்கு மாடிப் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்தப் பேட்டையின் முதல் அடுக்குமாடிக் கட்டடம் அப்போதுதான் எழும்பியிருந்தது. லிஃப்ட் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மனிதர் தரைவீட்டை விற்றுவிட்டு உச்சி மாடியில் குடியேறிவிட்டார். வெந்நீர்க் குழாய் வரைக்கும் யோசித்து அந்தக் கட்டடத்தைக் கட்டிய என்ஜினீயர் புண்ணியவான், வயசுப்பெண் எங்கே நின்று பேசுவாள் என்று யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வயதில் அவளுக்கென்று இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். இங்கே வந்த நாளிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அறை அறையாக நடந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடி ஒத்தீலியா அம்மாள்தான் கூப்பிடாமலே தன் பால்கனிக்கு வந்து, கீழே சொன்னதை மேலேயும் மேலே சொன்னதைக் கீழேயும் கத்தினாள்.

"சளி விட்டுடுச்சான்னு கேக்குறான்டி!"

"விட்டுடுச்சுன்னு சொல்லுங்கம்மா!"

"விட்டுடுச்சாம்ப்பா! தொண்டை மட்டும் இன்னும் தகர டப்பாதான்!"

எல்லா பால்கனியும் சிரித்தது. தெல்ஃபினாவுக்கு மானம் போயிற்று. ஆனாலும் உள்ளே போக மனசில்லை.

எவாரிஸ்தோ மறுபடி ஏதோ சொன்னான். இந்தத் தடவை ஒத்தீலியா அம்மாள் கத்தவில்லை.

"என்னம்மா சொன்னாரு?"

"இத நான் சொல்ல மாட்டேன். நீயே இறங்கிப் போய்க் கேளு."

"தனியாவா? அப்பா தூங்குறாரும்மா."

"அப்ப அங்கயே நில்லு. அவன் போயிடுவான்."

லிஃப்ட் சத்தம் அப்பாவை எழுப்பிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினாள். வாசல் காவல்காரர் ஏதோ கேட்டது காதில் விழவில்லை.

முதல் தடவையாக நடுவில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். எவாரிஸ்தோவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ரொம்ப தூரத்துல, சால்ட்டோ ஊர்ல ஒரு அச்சாபீஸ்ல வேலை கெடச்சிருக்கு. நாளைக்குக் காலையில ரயிலு."

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஒரு வாரமா. ஊரக் கூட்டிக் கத்த வாய் வரல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "வர்றியா?"

நாலு வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அப்புறம்.

பின்னால் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. திரும்பிப் பார்த்தாள். உச்சியில், பனியனோடு அப்பா. ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொன்று ஆடியது. வாய் திறந்து திறந்து மூடியது.

"என்ன சொல்றாரும்மா?" என்று மூன்றாம் மாடியைப் பார்த்துக் கேட்டாள்.

ஒத்தீலியா அம்மாள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். பிறகு குனிந்து, ரொம்பப் பொறுப்பாக, தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.