பூனைமீசை மாஸ்க்கும் இருபதாவது வரியும்

1

இந்தக் கதை எனக்கு அரை மீட்டர் துணிக்குக் கிடைத்தது. கல்முனைக் கடைத்தெருவில் அபாயாத் துணி எடுக்க வந்த நுஸ்ஹா டீச்சர், விலையில் நான் இறங்கமாட்டேன் என்று கண்டதும் அண்ணன் முறை சொல்லி வேறு பக்கத்தால் வந்தார்.

"அரை மீட்டர் கூட வெட்டுங்க காக்கா. கொரோனா நேரம் எங்கட பள்ளிக்கூடத்துல நடந்த ஒரு கதை சொல்றன்."

வெட்டினேன். கதை முக்கால்தான் வந்தது. மீதி எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உலகையே உலுக்கிய பெருந்தொற்று, கடலோரத்துச் சிறு பாடசாலையொன்றின் வாயிலிலும் வந்து நின்று..."

(விட்டுவிட்டேன். இப்படிக் கதைக்கிற வியாபாரியிடம் நானே துணி வாங்கமாட்டேன்.)

மறுபடியும். ஐந்தாம் வகுப்பு. பெரிய பாடசாலைகளுக்கு வழி திறக்கும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒன்பது நாள். மூன்றாம் வகுப்பிலிருந்து இதே இருபத்தேழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர் நுஸ்ஹா டீச்சர். வாசலில் கை கழுவக் குழாய், நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி, வகுப்புத் தரையில் பிள்ளைகள் உட்காரும் கதிரைகளுக்கு மீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் வட்டம். ஒரு பிள்ளைகூட மாஸ்க் இல்லாமல் இருக்காத வகுப்பு என்று டீச்சர் எங்கும் பெருமை பேசுவார்.

வியாழக்கிழமை ஷிப்லி மேசையில் தலையைச் சாய்த்தான். காலையில் அவனுடைய உம்மா காய்ச்சல் குளிசை கொடுத்து அனுப்பியிருந்தார். வாசலில் வெப்பமானி நல்ல பிள்ளையாகவே எண் காட்டியிருந்தது. இப்போது சோதித்தார்கள். தொற்று.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அழகரெத்தினம் வந்து அலுவலகத்தில் உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒன்றைத்தான்: ஷிப்லியோடு நெருங்கிப் பழகியவர்களின் பட்டியல். பெயர் எழுதப்படும் வீடு இரண்டு வாரம் பூட்டு. பூட்டிய வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை? விசேட நிலையம் ஒன்று வருமாம். எங்கே என்பது சொன்னவருக்கும் தெரியாது.

"நாலு பேர் டீச்சர்," என்றார் பாடசாலை அதிபர் அப்துல் ஸமட். "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு. மத்ததெல்லாம் வட்டத்துக்குள்ள இரிந்த புள்ளைகள்."

"வட்டம் கீறினது நாம சேர். புள்ளைகள் அதுக்குள்ள இரிந்தாங்களா எண்டு கேட்டுட்டு வாறன்."

"என்னத்தக் கேக்கிற? கதிரை நடக்குமா?"

"கதிரை நடக்காது சேர்," என்றார் அழகரெத்தினம். "காய்ச்சல்தான் நடக்கும்."

3

வகுப்புக்குள் போன டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷிப்லி காலையில் பூனைமீசை கீறிய மாஸ்க்கோடு வந்தவன். பூப்போட்ட மாஸ்க்கோடுதான் வீட்டுக்குப் போனான். பூனைமீசை இப்போது மூன்றாம் வரிசையில், றினாஸின் முகத்தில் இருந்தது.

"அது எப்பிடி உன்ட மூஞ்சில?"

றினாஸ் பூனைமீசையைக் கையால் மூடிக்கொண்டான். இருபத்தாறு பிள்ளைகளில் இருபத்தைந்தும் பஸ்லியாவைப் பார்த்தன.

(இந்த இடத்தில் பஸ்லியா மீது எனக்கே சந்தேகம் வந்தது. பத்து வயதில் ஒரு வகுப்பையே கையில் வைத்திருக்கும் கெட்டிக்காரியா? டீச்சரிடம் கேட்டேன். "அவட வாப்பா கருவாட்டு வியாபாரி" என்றார். சந்தேகம் தீர்ந்தது.)

"இங்க வாகா பஸ்லியா. இதென்ன வேல?"

"மாத்துற டீச்சர். எல்லாருக்கும் பூனைமீசை வேணுமாம். ஒரு பாடத்துக்கு ஒராள். நீங்க போர்ட் பக்கம் திரும்பினதும் மாத்துவம். வாடக பாதிக் கொய்யா, இல்லாட்டி ஒரு அழிறப்பர்."

"எத்தின நாளா?"

"திங்கள்ல இரிந்து."

"ஆர் ஆர் போட்டீங்க?"

பஸ்லியா யோசித்தாள். "அடிக்கிறல்லண்டா சொல்றன்."

"சரி."

"ஷிப்லிட உம்மாவையும் ஒராளும் ஏசக்கூடா."

டீச்சர் அதற்கும் படிந்தார். அரசாங்கப் படிவத்தில் இல்லாத இரண்டு நிபந்தனைகள். பஸ்லியா மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"முதல்ல என்ட பேர எழுதுங்க."

வகுப்பில் நிச்சயம் சித்தியடைவாள் என்று டீச்சர் நம்பியிருந்த முதல் பெயரும் அதுதான். எழுதினார். நாள், பாடம், யாரிடமிருந்து யாருக்கு என்று ஒன்றும் தவறாமல் பத்தொன்பது பெயர்கள் வந்தன.

"முடிஞ்சா?"

"இன்னும் ஒராள். நீங்க டீச்சர்."

"நானா?"

"புதன்கிழம உங்கட மாஸ்க் கயிறு அறுந்திச்சே. நான் ஒண்டு தந்தனே. அதுக்குத்தானே வீட்டுப்பாடம் காட்டாம விட்டீங்க."

"அது புதிசுண்டு சொன்னாய்!"

"மீசை தெரியாம உள்பக்கம் திருப்பித் தந்தன். பொறகு நீங்க கழட்டினதும் எடுத்து ஷிப்லிக்கே குடுத்தன்."

நான்கு பெயரோடு நிறுத்தினால் அதிபருக்குச் சந்தோசம். காய்ச்சல் பத்தொன்பது வீட்டுக்கும் சத்தமில்லாமல் போகும். பத்தொன்பது எழுதினால் பிள்ளைகளின் பிழை. இருபதாவது எழுதினால் தன்னுடையது: பேரம் பேசி மாஸ்க் வாங்கிய டீச்சர். அதோடு வெளியே மிஞ்சும் ஏழு பிள்ளைகளுக்குப் பரீட்சை வரை படிப்பிக்க ஆளில்லை.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: டீச்சர் நான்கு பெயரைக் கொடுக்கிறார், யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லாரும் பரீட்சை... (பொய். அந்தக் கிழமை "யாருக்கும் ஒன்றுமில்லை" என்ற சரக்கு எந்தக் கடையிலும் இருக்கவில்லை.)

இரண்டு: இருபது பெயர்களும் கொடுக்கிறார், பஸ்லியா விசேட நிலையத்திலிருந்து எழுதி மாவட்டத்தில் முதலிடம். (சீனி கூடிவிட்டது.)

மூன்று: பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே பேனா நிற்கிறது. அழகரெத்தினம் கை நீட்டுகிறார்.

மூன்றாவது மட்டும்தான் டீச்சர் சொன்னது. அதோடு நிறுத்திவிட்டுத் துணியைப் பைக்குள் வைத்தார்.

"இருபதாவது எழுதினீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் அரை மீட்டர் வெட்டணும் காக்கா."

டீச்சர் சிரிக்கவில்லை. பேரம் பேசுகிறவர் சிரிக்காவிட்டால் அது பேரமில்லை என்று எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். டீச்சர் போய்விட்டார்.

வெட்டாத அந்த அரை மீட்டர் இன்னும் மேசையில் கிடக்கிறது. முடிவு வேண்டுமென்றால் ஒரு தாளை எடுங்கள். முதலில் பத்தொன்பது பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள், அது கஷ்டமில்லை. பிறகு இருபதாவது வரியில் உங்கள் பெயர். கை எங்காவது நின்றால், எந்த எழுத்தில் நின்றது என்று வந்து சொல்லுங்கள். அரை மீட்டர் நான் வெட்டித் தருகிறேன்.