போலீஸ் நம்பர் கேட்ட இன்சூரன்ஸ்

நோலீனுக்கு வந்த ஆத்திரத்தில் போன் உடையாமல் தப்பியதே பெரிய விஷயம்.

"பதினோரு வயசுப் பொண்ணுப்பா அவ. குளிக்கத் தண்ணியைத் திறந்து விட்டுட்டுத் தூங்கிப் போயிட்டா. அவ்வளவுதான்."

"புரியுது நோலீன்," என்றான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன். "ஆனா டாலியா உங்க வீட்டு ஆள் இல்லையே. அரசாங்கம் வளர்க்கக் குடுத்த பிள்ளை எங்களுக்கு வெளியாள்தான். வெளியாள் பண்ணின சேதம்னா போலீஸ்ல புகார் குடுக்கணும். அந்தப் புகார் நம்பரைக் குடுங்க, இன்னைக்கே முடிச்சுடலாம்."

இரண்டு வருஷம் முன்னால் அவள் பெற்ற மகன் ரீஸ் மாடியில் இதே குளியல் தொட்டியை வழிய விட்டான். இதே சமையலறைக் கூரை இதே மாதிரி பெயர்ந்து விழுந்தது. இதே கம்பெனி ஒன்பது நாளில் சரிசெய்து கொடுத்தது. அன்றைக்குப் போலீஸ் என்று ஒருத்தன் வாய் திறக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவிலும் அதே நியாயம்தான்.

ஆறு வாரமாய்ச் சமையல் வராந்தாவில், பார்பிக்யூ அடுப்பில். ஜூலைக் குளிரில் அவள் புருஷன் கிளெம் சாசேஜைப் புரட்டிக்கொண்டே சொன்னான்:

"ஒரு நம்பர்தானே நோலி? அவளை யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல."

"ரீஸ் மேல குடுத்தியா புகார்?"

கிளெம் அடுத்த சாசேஜைப் புரட்டினான்.

"பதினாலு வருஷமா இந்த மாதிரிப் பிள்ளைங்களை வளர்க்கறேன். எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவ வேற வீட்டுக்குப் போனா, ஃபைல்ல முதல் பக்கமே அந்தப் புகார்தான் இருக்கும். வீட்டை நாசம் பண்ணினவள்னு. கூரை இல்லாமலே கிடக்கட்டும், நான் குடுக்க மாட்டேன்!"

வராந்தாவை ஒட்டிய ஜன்னல் டாலியாவின் அறை ஜன்னல். அது இருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். நோலீன் காரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சில் பள்ளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டாலியா உட்கார்ந்திருந்தாள்.

"தன் மேலயே புகார் எழுதிக்கச் சொல்றா," என்றாள் பெண் சார்ஜண்ட். "வேணும்னே பண்ணினாளாம். நம்பர் குடுங்கன்னு அடம்பிடிக்கிறா."

"எழுதிட்டீங்களா?"

"பைத்தியமா எனக்கு?"

நோலீனுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. "யாருடி உன்னை இதைச் செய்யச் சொன்னது?"

"சமையலறை வந்துடும்ல நோலி? கிளெமுக்குக் குளிருது."

அப்போதுதான் பெஞ்சுக்கு அடியில் இருந்த கறுப்புக் குப்பைப் பையை நோலீன் பார்த்தாள். வாய்க்கட்டு இறுக்கமாகப் போட்டிருந்தது. உள்ளே டாலியாவின் துணிமணி.

"இது எதுக்கு?"

"எழுதினதும் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கள்ல? உங்களுக்கு மறுபடி அலைச்சல் வேணாம்னு எடுத்துட்டே வந்துட்டேன்."

நோலீன் பையைத் தூக்கினாள். கட்டை அவிழ்க்கப் பார்த்தாள், வரவில்லை. இனி எதையும் அதில் கட்டிக்கொண்டு போக முடியாதபடி, பல்லால் கடித்து அந்தப் பையைக் கிழித்தாள்.