வாகைமலர் புளியமரப் பிரிவில் நிற்கிறது

எங்கள் பக்கத்துத் தனியார் பேருந்துகள், பேருந்து ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் விக்கி இணையதளத்தில் எதுவரை எழுதப்பட்டிருக்கிறதோ அதுவரைதான் ஓடும். அதில் ஹாரன் பகுதியை நான் கவனித்துக்கொள்கிறேன். பொறுப்பான வேலை.

அன்று பொள்ளாச்சிப் பதிவாளர் அலுவலகத்தில் எனக்குக் கல்யாணம். பெண் சுகிர்தா 'வாகைமலர்' பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் தேதி போய்விடும். அடுத்த தேதிக்குள் அவள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் அவளை நான் பார்க்கவே முடியாது.

பதினொன்றரைக்குப் போன் செய்தாள்.

"புளியமரப் பிரிவுல நிக்குது. இதுக்கு மேல எழுதலையாம்."

உண்மைதான். பழைய கட்டுரையை நீக்கிவிட்டு, அன்று காலை பேருந்தில் உட்கார்ந்தே புதிதாக எழுதிக்கொண்டு வந்தவருக்கு அந்தச் சாலைப் பிரிவில்தான் ஆபீஸ். இறங்கிப் போய்விட்டார். 'அங்கிருந்து பேருந்து' என்பதோடு கட்டுரை நின்றிருந்தது.

நான் உடனே தொடர்ந்தேன்: 'புயலெனப் பறந்து பொள்ளாச்சியை அடைந்து பயணிகளின் உள்ளங்களைக் கொள்ளை கொள்கிறது.' ஒரே நிமிடத்தில் விக்கி நிர்வாகி வரதப்பன் அதை நீக்கினார். பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'விளம்பர நடை. சான்று இல்லை' என்று காரணமும் போட்டிருந்தார்.

மறுபடியும் போன்.

"ஆத்துப்பாலம் வரைக்கும் பறந்து வந்துச்சு. இப்ப பின்னாடியே போகுது. என்னத்த எழுதுன நீ?"

திரும்ப எழுதினேன். திரும்ப நீக்கினார். பாலத்துக்கும் புளியமரத்துக்கும் இரண்டு தரம் போய்வந்ததில் பக்கத்து சீட்டுப் பூக்கார அம்மாளுக்குத் தலை சுற்றுகிறதாம். மூன்றாம் தரம் எழுதினால் எனக்கு ஒரு நாள் தடை. வீம்பை விட்டு, வரதப்பனோடு எழுதிப் பேசும் பேச்சுப் பக்கத்துக்குப் போனேன்.

"அண்ணா, மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு எனக்குக் கல்யாணம்."

"வாழ்த்துகள் தம்பி. அந்த ரோட்டுல போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் போனவங்களை எழுதச் சொல்லுங்க. கண்ணால பாத்ததை எழுதணும், கூட டிக்கெட் படம் போடணும். அவ்வளவுதான்."

கோபம் வந்தது. ஆனால் மனுஷன் சொல்வதில் தப்பில்லை. சுகிர்தாவை விக்கியில் சேரச் சொன்னேன். பூக்கார அம்மாள் பத்து வருஷமாக அதே சீட்டில் வருகிறவர். அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம் பேருந்து நகர்ந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு விசாரித்தால், ரேஷன் கடையிலேயே நிற்கிறது.

"சீக்கிரம் எழுதேன், தாயே!"

"இரு. அடுத்த ஸ்டாப்பை மில்லுன்னு பாதிப் பேரு சொல்றாங்க, மாரியம்மன் கோயில்னு பாதிப் பேரு. நல்லாக் கேக்காம எப்படி எழுதறது?"

இரண்டு பெயரையும் எழுதினாள். வேகத்தடைகள் எட்டையும் எழுதினாள். 'ஆக்கபூர்வமான பங்களிப்புக்கு நன்றி' என்று வரதப்பன் அவளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார். ஏழு வருஷமாக எனக்கு ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. பொறாமையாக இருந்தது. இவளையா கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று பெருமையாகவும் இருந்தது.

பன்னிரண்டு இருபத்தாறுக்குக் கடைசி வரி வந்தது: 'பேருந்து பதிவாளரின் மேசை முன் நின்று பயணிகளை இறக்கிவிடும்.' இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வரதப்பன் ஏனோ நீக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாகைமலர் மாடிப்படி ஏறிவந்து மேசை முன் நின்றது. சுகிர்தா தலை நிறைய மல்லிகையோடு இறங்கினாள். சாட்சிக்குப் பூக்கார அம்மாளும் கண்டக்டரும் வந்தார்கள். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணு சாட்சி வேணும்," என்ற பதிவாளர் பேருந்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு வயசு என்ன?"

"பதினொண்ணுங்க," என்றார் கண்டக்டர்.

"மைனராச்சே."

"பஸ்ஸுக்குப் பதினஞ்சுல ரிட்டயர்மென்ட்டுங்க."

"அப்பச் சரி."

வாகைமலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இடது முன்சக்கரத்தில் மை தடவி, எங்கள் பெயர்களுக்குக் கீழே ரேகை வைக்கச் சொன்னார்கள்.